கன்னிக்குப் பார்த்த மாப்பிள்ளை

இசைவாணிக்கு அச்சகத்தில் வேலை கிடைத்தது தங்கைக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம். கேட்டுப் போய் வாங்கிய வேலை இல்லை. ஆள் விட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

தங்கை பிரீத்திக்கு இருபது வயது. ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் ராஜபாண்டியன் என்பவருடைய பட்டாசுக் கம்பெனியில், பேன்ஸி வெடிக்குக் குழாயில் மருந்து அடைக்கிற வேலை. மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை டீக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, அவள் உட்கார்ந்திருந்த மருந்தறைச் செட் வெடித்துத் தரைமட்டமானது. நாலு பேர் செத்தார்கள். அந்தச் செட்டில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். அன்றைக்கு ஏழு பேர் இருந்தார்கள். கணக்கைக் குறைத்துக் காட்ட வேண்டியிருந்தது. பிரீத்தி சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, பதிவேட்டில் பெயர் ஏறவில்லை. அதனால் கம்பெனிக்கு வேலை சுலபமாகிவிட்டது. அந்தப் பிள்ளை தங்களிடம் வேலை பார்க்கவில்லை, கூட்டாளியைப் பார்க்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்டது என்று ஃபோர்மேன் போலீசில் எழுதிக் கொடுத்தார்.

அம்மா இருளம்மாள் அதைத்தான் தாங்கிக்கொள்ளவில்லை. செத்ததைக்கூட விதி என்று சொல்லி அழுதாள். இதற்கு அழவில்லை. தொழிற்சங்கத்துச் சங்கிலிமுத்துவைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் போய் வழக்குப் போட்டாள். “என் பிள்ள வேலை பாக்கையிலதான் செத்தான்னு எழுதிக் குடுக்கட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்” என்று வக்கீலிடம் சொன்னாள். அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. நாரணாபுரத்து வீட்டில் மிச்சம் அம்மாவும் இருபத்தெட்டு வயதில் கல்யாணம் ஆகாத இசைவாணியும்தான்.

அச்சகம் சரவணக்குமாருடையது. ராஜபாண்டியனின் தங்கையைக் கட்டியவர். மச்சானுடைய கம்பெனிப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்தே அச்சகம் வளர்ந்தது. பிறகு காலண்டர், நோட்டு, புத்தகம் என்று எல்லா ஆர்டரும் வந்தது. அவர் அனுப்பி வேலைக்குக் கூப்பிட வந்த ஆள், “வழக்கு அதுபாட்டுக்கு நடக்கட்டும். படிச்ச பிள்ள வீட்டுல எதுக்குச் சும்மா இருக்கணும்” என்றான். எதற்காகக் கூப்பிடுகிறார்கள் என்று இசைவாணிக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் தூக்குவாளியில் சோறு மட்டும் கட்டி வைத்திருந்தாள்.

பைண்டிங்கில் போட்டார்கள். அடித்து வருகிற பெரிய தாளை மடித்து மடித்துப் பதினாறு பக்கமாக்கி அடுக்குவது வேலை. தாளில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. ஒன்று நேராக இருக்கும், பக்கத்தில் இருப்பது தலைகீழாக இருக்கும்; மடித்தால்தான் வரிசைக்கு வரும். மற்றப் பெண்கள் பக்க எண்ணைப் பார்த்து மடிப்பார்கள். இசைவாணிக்குப் படிக்காமல் மடிக்கத் தெரியவில்லை. ஜோசியப் புத்தகம், சமையல் புத்தகம், பள்ளிக்கூட நோட்ஸ் எல்லாம் அப்படியே மேஜையோரம் நின்றபடிக்குப் படித்ததுதான்.

இரண்டாம் வருஷம், பிள்ளைகளுக்கான கிரேக்கப் புராணக் கதைப் புத்தகம் ஒன்று வந்தது. அதில் ஒரு கதை. பூப் பறிக்கப் போன ஒரு பெண்ணை, நிலம் பிளந்து ரதத்தில் ஏறி வந்த பாதாளத்து ராஜா ஹேடீஸ் தூக்கிக்கொண்டு போகிறான். செத்தவர்களுக்கெல்லாம் அவன்தான் ராஜா. அவளைத் தனக்குப் பக்கத்தில் ராணியாக உட்கார வைக்கிறான். தாய்க்காரி தேடித் தேடி அழுததில் பூமியில் பயிரெல்லாம் கருகுகிறது. கடைசியில் மகளை அனுப்பச் சம்மதிக்கிறார்கள். ஆனால் அவள் அங்கே நாலைந்து மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டாள். பாதாளத்தில் ஒரு வாய் தின்றவள் முழுசாகத் திரும்ப முடியாது. வருஷத்தில் கொஞ்ச நாள் அம்மாவிடம் மேலே, மிச்ச நாள் புருஷனிடம் கீழே.

மை அப்பிக் கெட்டுப்போன தாள் ஒன்றில் அந்தக் கதை இருந்தது. கழிவுக்குப் போக வேண்டியதை இசைவாணி மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வீட்டில் பிரீத்திக்கு ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. கல்யாணம் ஆகாமல் செத்த பிள்ளை வீட்டுக்குக் கன்னி தெய்வம். பெட்டிக்குள் பச்சைப் பாவாடை, கண்ணாடி வளையல், சீப்பு, மைச் சிமிழ் எல்லாம் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை பாவாடை மாற்றிக் கும்பிடுவாள் இருளம்மாள். அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்து தாளை இரண்டாம் முறை படித்தபோது, தூக்கிப்போனவன் மேல் இசைவாணிக்குக் கோபமே வரவில்லை. போன இடத்தில் அந்தப் பெண்ணுக்கு உட்கார ஓர் இடம் கொடுத்திருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் வைத்திருக்கிறான். இங்கே ஒரு பதிவேட்டில் ஒரு வரிக்கு வக்கில்லாமல் போன பிள்ளைக்கு அங்கே ஒரு சிம்மாசனம் என்று நினைத்ததும் அவளுக்குக் கை பரபரத்தது.

போனில் கதை எழுதுகிற செயலி ஒன்று இருந்தது. பைண்டிங் பெண்கள் பாதிப் பேர் அதில்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைக் கழிப்பார்கள். இசைவாணி ‘யாழ்மித்ரா’ என்று ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டாள். கதைக்கு ‘இருள் வேந்தனின் இளவேனில்’ என்று பெயர். என்ன வகை என்று கேட்ட இடத்தில் ‘அமானுஷ்யக் காதல்’ என்று தொட்டாள்.

கதாநாயகி ப்ரித்விகா, பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். முதல் அத்தியாயத்தில் செட் வெடிக்கிறது. புகைக்குள்ளிருந்து கறுப்புக் குதிரைகள் வருகின்றன. ஹேடீஸ் அவளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்குகிறான். அவன் கை பனிக்கட்டி போல் குளிரும். அவன் தொட்ட இடத்தில் தீப்புண் ஆறிவிடும். அவளுடைய உடம்பை அவன் குணப்படுத்துவதுதான் அவர்களுடைய காதல். அவசரமே இல்லாமல், வாரத்துக்கு ஒரு காயமாக ஆற்றினான்.

பிரீத்தியை ஆஸ்பத்திரியில் முழுக்கச் சுற்றித்தான் கொடுத்திருந்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் இசைவாணி அந்த வாரத்து அத்தியாயத்தை வாசித்துக் காட்டுவாள். முதல் தடவை, ப்ரித்விகா என்ற பெயர் வந்ததுமே அம்மா ஓலைப்பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளாகவே பிரீத்தி என்று மாற்றிக் கேட்டுக்கொண்டாள். ஹேடீஸ் என்ற பெயர் அவள் வாயில் நுழையவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து மாப்பிள்ளை என்றாள்.

“மாப்பிள்ள கை அம்புட்டுக் குளுந்தா இருக்கும்?”

“ஆமாம்மா.”

“மூஞ்சியிலயும் தொட்டாரா?”

இசைவாணி போனைப் பார்த்தாள். அந்த அத்தியாயத்தில் கையும் தோளும்தான் வந்திருந்தன. “அடுத்த வாரம்” என்றாள்.

“சரி. ஆற அமரத் தொடட்டும்.”

மாதுளை முத்து வந்த வாரம் அம்மா கோபித்துக்கொண்டாள். “திங்காதன்னு எழுதி வச்சிருக்கலாம்ல? ஒன் கையிலதான இருக்கு.”  கதையில் அப்படித்தான் இருக்கிறது என்றாள் இசைவாணி. அம்மா, “வருசத்துல எம்புட்டு நாளு விடுவாக?” என்று கேட்டாள். இசைவாணி யோசித்தே வைத்திருந்தாள். தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிகள் ஒரு மாதம் அடைத்துக் கிடக்கும். அந்த ஒரு மாதம் ப்ரித்விகா மேலே வருவாள். கம்பெனி திறக்கிற அன்றைக்குக் கீழே போய்விடுவாள்.

“அது நல்லது” என்றாள் அம்மா. “தொறந்திருக்கையில இங்கன வர வேண்டாம்.”

கதை பிடித்துக்கொண்டது. இருபதாவது அத்தியாயத்தில் ஐம்பதாயிரம் பேர் படித்திருந்தார்கள். ஹேடீஸ் மாதிரி ஒருத்தன் கிடைத்தால் செத்துப்போகவும் தயார் என்று எழுதினார்கள். முத்தம் எப்போது வரும் என்று கேட்டார்கள். செட் வெடித்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்படிப் படித்தவர்களில் ஒருத்தி ஹர்ஷினி, சரவணக்குமாரின் மகள், கல்லூரியில் படிக்கிறவள். அப்பாவைப் பார்க்க வந்தவள் பைண்டிங் மேஜையைக் கடந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே டைப் அடித்துக்கொண்டிருந்த இசைவாணியின் போனைப் பார்த்துவிட்டாள். நாளைக்கு வரப்போகிற அத்தியாயம் இவள் கையில் இன்றைக்கு எப்படி என்று ஒரு நிமிஷம் புரியாமல் நின்றாள்.

“அக்கா, நீங்களா யாழ்மித்ரா?”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இசைவாணியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்தப் பிள்ளையிடம் கள்ளம் இல்லை என்று இசைவாணி இன்றைக்கும் சொல்வாள். செட் வெடித்தது எந்தக் கம்பெனியில், யாருடைய கம்பெனியில் என்பதை ஹர்ஷினி ஒருநாளும் சேர்த்து யோசித்துப் பார்த்ததில்லை.

ஒரு வாரம் கழித்துச் சரவணக்குமார் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். மூன்று வருஷத்தில் அது முதல் தடவை.

“பாப்பா உசுர வாங்குதா. நானும் படிச்சேம்மா. நல்லா எழுதியிருக்க. சென்னையில நமக்கு வேண்டப்பட்டவுக நாவல் போடுறாக. புஸ்தகமாப் போட்டுருவோம், நம்ம அச்சகத்துலயே அடிச்சு. என்ன சொல்லுத?”

“நீங்க சொன்னாச் சரிதான் அண்ணாச்சி.”

“ரெண்டே ரெண்டு எடம்தான். மொத அத்தியாயத்துல வர்ற வெடி விபத்து வேண்டாம். வெளியூர்க்காரன் படிச்சான்னா நம்ம ஊரைப் பத்தி என்ன நெனப்பான்? அம்புட்டுப் பேரு பொழைக்கிற தொழில். அப்புறம், கம்பெனி அடைச்ச மாசத்துல வருதான்னு ஒண்ணு இருக்கு. அதையும் மாத்திரு.” அவர் குரலை உயர்த்தவே இல்லை. “அந்தப் பிள்ள வேற எப்படியாச்சும் சாகட்டும்.”

பக்கத்தில் நின்றிருந்த ஹர்ஷினி உதவிக்கு வந்தாள். “ஒரிஜினல் கதையில பூப் பறிக்கத்தான போறா, அக்கா? அதையே வச்சிருங்க. அணைக்கட்டுக்குப் பூப் பறிக்கப் போறா, கால் வழுக்குது, தண்ணிக்குள்ள இருந்து அவர் வர்றாரு. நெனச்சுப் பாருங்க, எம்புட்டு அழகா இருக்கும்.”

அவள் வேறு எப்படியும் சாகவில்லையே அண்ணாச்சி என்று இசைவாணி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குப் பிற்பாடு அவள் தனக்குத்தானே பல காரணங்கள் சொல்லிப் பார்த்தாள். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அம்மா கையில் ஒரு புத்தகத்தைக் கொடுக்க வேண்டும், ஓலைப்பெட்டிக்குள் பாவாடையோடு அதுவும் இருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது வேறு: அட்டையில் தன் பெயரைப் பார்க்க வேண்டும். அதுகூடத் தன் சொந்தப் பெயர் இல்லை.

மறுநாளே அவளைப் பைண்டிங்கிலிருந்து தூக்கிப் ப்ரூஃப் பார்க்கிற மேஜையில் போட்டார்கள். ஃபேனுக்கு அடியில் நாற்காலி. முதல் அத்தியாயத்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் மாற்றி எழுதினாள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. முதலில் எழுதியபோது அதற்குப் பதினொரு நாள் ஆகியிருந்தது. உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். செயலியிலிருந்து பழைய கதையை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது, எடுத்துவிட்டாள்.

புத்தகம் ஆவணியில் வந்தது. அட்டையில் கறுப்புக் குதிரை, மாதுளம்பழம், யாரென்று தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெண். அம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். முந்தானையால் அட்டையைத் துடைத்தாள். “பொண்ணு நம்ம பிள்ள மாதிரி இல்லையே” என்று மட்டும் சொன்னாள். மஞ்சளைத் தொட்டு மூலையில் வைத்து ஓலைப்பெட்டிக்குள் வைத்தாள்.

காலண்டர் சீசன் தொடங்கியதில் இசைவாணிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை வந்தது. வாசிக்க ஆள் இல்லாமல் இரண்டு ஞாயிறு போயின. மூன்றாவது ஞாயிறு, அடுத்த வீட்டுச் சண்முகத்தாயை அம்மா கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். சண்முகத்தாய் அன்றைக்குப் பிரீத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைத்தவள். திரிக் கட்டு எடுக்க எழுந்து வெளியே போனதில் தப்பித்தாள். வலது கை விரல்கள் மட்டும் தீயில் வெந்து ஒட்டிப்போய்விட்டன. வழக்கில் அம்மாவுக்கு இருந்த ஒரே சாட்சி அவள்தான். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக் கூட்டி மெதுவாக வாசிப்பாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு இசைவாணி வீட்டுக்கு வந்தபோது இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். புத்தகம் தரையில் மூடிக் கிடந்தது.

“ஏ வாணி, இதுல வழுக்கி விழுந்தது யாரு?” என்று கேட்டாள் அம்மா.

“அது கதைம்மா.”

“போன்ல வாசிச்சயே, அது?”

“அதுவும் கதைதான்.”

“அதுல என் பிள்ள செட்டுல உக்காந்து வேலை பாத்தா. சம்முகத்தா பக்கத்துல இருந்தா. டீக் குடிக்கணும்னு பேசிக்கிட்டு இருந்தாளுக. இதுல பூப் பறிக்கன்னு தனியாப் போயிருக்கா.”

இசைவாணி பையைக் கீழே வைக்காமல் நின்றாள். “அவுக மாத்தச் சொன்னாகம்மா. மாத்தலைன்னாப் போடமாட்டாக.”

“யாரு சொன்னது?”

 அம்மாவுக்குப் பதில் தேவைப்படவில்லை.

சண்முகத்தாய் எழுந்துகொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை, சலித்துப்போய்ச் சொன்னாள்: “கூட்டாளியப் பாக்க வந்தான்னு அவன் எழுதினான். பூப் பறிக்கப் போனான்னு நீ எழுதிட்ட. வேலைக்கு வந்தான்னு ஒரு எடத்துலயாவது எழுதி இருந்துச்சு. அதையும் அழிச்சிட்டயே வாணி.”

அவள் போன பிறகு அம்மா புத்தகத்தை எடுத்து இசைவாணி கையில் கொடுத்தாள். கிழிக்கவில்லை, எறியவில்லை. “இத ஒன் அச்சகத்துலயே வச்சுக்க. இனிமே அவளப் பத்தி எனக்கு ஒண்ணும் வாசிக்காத.” மாப்பிள்ளையைப் பற்றியும் அதற்குப் பிறகு அவள் பேச்செடுக்கவில்லை.

அந்த வாரம் ஹர்ஷினி ப்ரூஃப் மேஜைக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னாள்: “அக்கா, எங்க மாமாகூடப் படிச்சாரு. ஒரே மூச்சுல முடிச்சிட்டாராம். அணைக்கட்டு சீன்ல அழுதே போனேன்னாரு.” எந்த மாமா என்று இசைவாணி கேட்கவில்லை. ஹர்ஷினிக்கு ஒரே ஒரு தாய்மாமன்தான், ராஜபாண்டியன்.

அன்றைக்கு மத்தியானமே இசைவாணி பழைய முதல் அத்தியாயத்தைச் செயலியில் திரும்ப ஏற்றினாள். பதிப்பகத்தார் புகார் கொடுத்தார்கள். இரண்டு நாளில் அது காணாமல் போனது. அந்த இரண்டு நாளில் முந்நூறு பேர் படித்திருந்தார்கள். புத்தகத்தில் வந்த ஆரம்பம்தான் நன்றாக இருக்கிறது, இந்தப் பட்டாசு விஷயம் காதல் கதைக்கு ஒட்டவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும், தன் மதினியும் இப்படித்தான் செத்தாள், அவளையும் கணக்கில் சேர்க்கவில்லை என்று எழுதி ஊர்ப் பெயர் போட்டிருந்தாள். பதில் எழுத இசைவாணி திறந்தபோது அந்தப் பக்கமே இல்லை.

சரவணக்குமார் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. இரண்டாம் பாகத்தை வேறு ஆள் எழுதுகிறார் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். யாழ்மித்ரா என்ற பெயர் ஒப்பந்தப்படி பதிப்பகத்துக்குச் சொந்தம்.

தை மாதத்தில் வழக்கு விசாரணைக்கு வந்தது. எந்தத் தேதி என்று அம்மா சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை இசைவாணி வேலை முடிந்து வந்தபோது அம்மா நல்ல சேலையோடு உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சண்முகத்தாயையும் சங்கிலிமுத்துவையும் கூட்டிக்கொண்டு விருதுநகர்க் கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“என்னைக் கூப்பிட்டிருக்கலாம்லம்மா.”

“ஒனக்கு வேலை இருக்கும்.”

“என்ன கேட்டாக?”

“காலையில எத்தன மணிக்கு வேன் வந்துச்சு, என்ன சோறு கட்டிக் குடுத்த, எல்லாம் கேட்டாக. சொன்னேன்.” அம்மா கொஞ்சம் நிறுத்தினாள். “அவுக வக்கீலு, ஒங்க மூத்த மக அவுக சொந்தக்காரங்க அச்சாபீசுலதான வேலை பாக்குதுன்னாரு. மக செத்ததுக்கு அவுகதான் காரணம்னா அங்கன எப்படி அனுப்புவீகன்னாரு.”

“அதுக்கு என்ன சொன்ன?”

“அது வேற பிள்ளைன்னு சொன்னேன்.”

 வேலையை விட்டு நின்றுவிடட்டுமா என்று கேட்டாள் இசைவாணி. அம்மா எழுந்து உலைப் பானையை இறக்கினாள். “நின்னுட்டா மட்டும் என்ன, கேட்டது இல்லைன்னு ஆயிருமா? கைகால் களுவிட்டு வா. சாப்பிடு.”

தீர்ப்பு இன்னும் வரவில்லை. இசைவாணி இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். பங்குனியில் இரண்டாம் பாகம் ப்ரூஃபுக்கு வந்தது. யாரோ சென்னைக்காரர் எழுதியது, வேகமாகத்தான் போகிறது. அதில் ப்ரித்விகா பாதாளத்தை விட்டு எங்கேயும் போவதில்லை. மேலே வர அவளுக்கு யாரும் இல்லை. சின்ன வயதிலேயே தாயை இழந்தவள் என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இசைவாணி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அதில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. அதைத் திருத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.